வெயிலில் நின்றால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகி ஒழுங்காக ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கும்போது ஒரு குறையும் காட்டாது. ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான புகார் குறைவு. செல்ஃபே அடிக்காத வண்டியில் பேட்டரி, டெர்மினல், சொலினாய்டு, எர்த் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். எப்போதுமே ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஒரு வகையில் சுலபம்தான், குறை கண்ணெதிரே நிற்கிறது. வந்து வந்து போகும் குறைதான் ஆளைச் சுற்றவிடும்.

கார் 2001 மாடல் பெட்ரோல் செடான். நான்கு சிலிண்டர், மல்டிபாயிண்ட் இன்ஜெக்‌ஷன், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இக்னிஷன், டாங்குக்குள்ளேயே பெட்ரோல் பம்ப். சரியான சாவிதானா என்று பார்க்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் கிடையாது. கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. ஓட்டுபவர் திருச்சிக்கு வெளியே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர். கணவர் வாங்கிய கார், இப்போது இவர் கையில். பள்ளியில் கார் நிற்கும் இடம் மைதானத்தின் ஓரம், நிழல் என்று ஒன்று கிடையாது. நான் காரைப் பார்த்தது ஏப்ரல் கடைசியில்.

ஏற்கெனவே மாற்றியவை

கையில் ஒரு கவர் நிறைய பில் கொண்டுவந்தார். பேட்டரி புதிது. ஸ்பார்க் பிளக், பிளக் வயர் புதிது. இக்னிஷன் காயில் மாற்றியாகிவிட்டது. பெட்ரோல் பம்பும் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றும் மாற்றியதும் கார் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, சில வாரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது, பிறகு பழைய கதை.

இந்தப் பில்களில் பம்ப் பில்தான் என் கண்ணில் நின்றது. மற்றதெல்லாம் குத்துமதிப்பாக மாற்றியது என்று தெரிகிறது. பம்பை மாற்றியவர் மட்டும் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் மாற்றியிருக்கிறார். டீச்சரிடம் கேட்டேன். போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் பள்ளியிலேயே கார் நின்றுவிட, மெக்கானிக் நேரில் வந்து பார்த்திருக்கிறார். பின்பக்கம் பம்ப் சத்தம் கேட்கவில்லை, என்ஜின் பக்கம் பெட்ரோல் பைப்பைக் கழற்றினால் சொட்டுப் பெட்ரோல் இல்லை. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, டோ செய்து கொண்டுபோய், இரவு ஏழு மணி வாக்கில் புது பம்ப் போட்டிருக்கிறார். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட். அடுத்த பல மாதம் புகாரே இல்லை.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது சரி, பம்ப் ஓடவில்லை. ஆனால் பம்ப் ஓடாததற்கும் பம்ப் கெட்டுப்போனதற்கும் நடுவில் ஒரு வயர், ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒரு ஃபியூஸ், ஒரு எர்த் இருக்கின்றன. இரவு ஏழு மணிக்குப் பழைய பம்பே இருந்திருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகியிருக்கும். அதற்கப்புறம் வந்தது ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிக் குளிரும். அந்தப் பருவம் முழுவதும் குறை தலைகாட்டவில்லை, பெயர் பம்புக்குப் போய்விட்டது.

வந்து போகும் குறையில் இதுதான் பெரிய ஆபத்து. எதை மாற்றினாலும் கார் ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் அது எப்படியும் ஸ்டார்ட் ஆகத்தான் போகிறது. பொருளை மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது சோதனையே ஆகாது. கார் மறுக்கும் அந்த நேரத்தில், அதன் நிலையைக் கலைக்காமல் அளந்தால் மட்டுமே ஒரு பொருளைக் குற்றவாளி என்று சொல்ல முடியும். நான் இந்தக் காரில் செய்ததெல்லாம் அந்த நேரத்துக்காகத் தயாராக இருந்தது மட்டும்தான்.

பம்ப் தகராறே செய்யாத பொருள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் ஹோண்டா கார்ஸ் இந்தியா 65,651 கார்களையும், மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும் பம்ப் குறைக்காகவே திரும்ப அழைத்தன. சற்றுப் புதிய காரில் இந்தப் புகார் வந்தால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சேசிஸ் நம்பரை வைத்துத் திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்று கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. இலவசமாக மாற்றித் தர வேண்டியதற்கு நாம் பில் போடக் கூடாது.

எந்தச் சூடு?

"எப்பல்லாம் இப்படி ஆகுது டீச்சர்? என்ஜின் சூடா இருக்கும்போதா?"

"ஆமா தம்பி, சூட்டுலதான். வெயில் நேரத்துலதான் மக்கர் பண்ணும்."

இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் நேராகத் தப்பான திசையில் போய்விடுவோம். என்ஜின் சூடு வேறு, வெயில் சூடு வேறு. நல்லவேளையாக டீச்சர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். பங்குனி வெயில் தொடங்கி மறுபடியும் தொந்தரவு வந்ததிலிருந்து, ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். பல வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை, ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. "மாலை 4.35, மைதானம், வெயில். ஆகவில்லை. 4.55க்கு ஆனது." "மதியம் 1.10, அரை நாள் லீவு, மைதானம். ஆகவில்லை. கதவைத் திறந்து வைத்தேன். 1.30க்கு ஆனது." "மாலை 4.30, மேகமூட்டம். உடனே ஆனது." இப்படி இரண்டு பக்கம். ஒரு வரியில் மட்டும், "பிடித்து உடனே அணைந்தது, அப்புறம் ஆகவில்லை" என்று இருந்தது.

அதில் இல்லாததுதான் எனக்கு முக்கியம். காரை ஓட்டிக்கொண்டு போய் பாங்க் வாசலிலோ காய்கறிக் கடையிலோ பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து ஆகாமல் போனதாக ஒரு வரிகூட இல்லை. கேட்டும் பார்த்தேன். "இல்ல தம்பி, கடைத்தெருவுல என்னைக்குமே காலை வாரினதில்ல."

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத கார் என்றதும் நம் ஆட்கள் மனதில் முதலில் வருவது என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சார். நியாயம்தான். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய காயில் கம்பி சூட்டில் விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து இக்னிஷன் காயிலை இயக்கும் இக்னைட்டரும் அப்படியே. இன்ஜெக்டர் ஒழுகினாலும், நிறுத்தியபின் பைப்பில் பிரஷர் இறங்கிப் பெட்ரோல் ஆவியானாலும் சூட்டில்தான் தொந்தரவு வரும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் சூடு வருவது என்ஜினிலிருந்து. ஓடிய காரை நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேனும் காற்றோட்டமும் நின்றுபோகும், பானெட்டுக்குள் சூடு அதற்கப்புறம்தான் இன்னும் ஏறும். அதனால் இந்த வகைக் குறை நிறுத்திய 10, 20 நிமிடத்துக்குள் வரும், இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் கார் சமத்தாக ஸ்டார்ட் ஆகும்.

டீச்சர் கார் நேர் எதிர். காலை 8.45க்கு நின்ற கார், மாலை 4.30க்கு மறுக்கிறது. அதற்குள் என்ஜின் எப்போதோ ஆறியிருக்கும். வெயிலில் பானெட்டுக்குள் 50 டிகிரி இருக்கட்டுமே, ஓடும்போது அங்கே அதைவிட எவ்வளவோ அதிகம். ஓடும்போதுள்ள சூட்டைத் தாங்கும் சென்சார் 50 டிகிரியில் விழுந்துவிடாது.

அப்படியானால் ஓடும்போது இருப்பதைவிட நிற்கும்போது அதிகமாகச் சூடாவது காரில் எது? ஆட்கள் உட்காரும் உள்பக்கம்தான். ஓடும்போது ஏசி போட்டு 25 டிகிரி, கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தினால் உள்ளே 55, 60 டிகிரி, டாஷ்போர்டு மேல்புறம் அதற்கும் மேல். கதவைத் திறந்து வைத்தால் இருபது நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்பதும் அதோடு பொருந்துகிறது. கதவைத் திறந்தால் என்ஜின் ஆறாது.

ஆக, பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே தேட வேண்டிய இடம் டாஷ்போர்டுக்குக் கீழே என்று ஆகிவிட்டது. அங்கே இருப்பவை சாவிக்குப் பின்னால் உள்ள இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, ஈசியூ எனும் என்ஜின் கம்ப்யூட்டர், மெயின் ரிலே. இவற்றோடு முன்பே ஒருவர் பார்த்துச் சொன்ன "பம்ப் ஓடவில்லை" என்ற சாட்சியமும் கையில் இருக்கிறது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் இந்தத் தொந்தரவு என்று பங்க்கில் யாரோ டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். பழைய கார்களின் ரப்பர் பாகங்களுக்கு அதிக எத்தனால் நல்லதில்லை என்பது உண்மை. ஆனால் எத்தனால் பம்ப் சத்தத்தை நிறுத்தாது, கதவைத் திறந்து வைத்தால் சரியாகவும் ஆகாது.

மெயின் ரிலே செய்யும் வேலை

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளடங்கிய இடத்தில் ஒரே போல்ட்டில் தொங்கும். உள்ளே இரண்டு ரிலே. சாவியை ஆன் செய்ததும் முதல் ரிலே இழுத்து ஈசியூவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் 12 வோல்ட் கொடுக்கும். இரண்டாவது ரிலே பம்புக்கு. அதன் காயிலுக்கு எர்த் கொடுப்பது ஈசியூ. சாவி ஆன் ஆனதும் 2 விநாடி மட்டும் எர்த் கொடுத்து பம்பை ஓட்டி, பைப்பில் பிரஷர் ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். பிறகு என்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் மறுபடியும் கொடுக்கும். விபத்தில் என்ஜின் நின்றுபோனால் பம்ப் தொடர்ந்து பெட்ரோலைக் கொட்டக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது.

இதனால் நமக்கு ஒரு வசதி. ரேடியோ, புளோயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை ஆன் மட்டும் செய்தால், பின்சீட் பக்கம் 2 விநாடி "உய்ங்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பம்ப் ஓடவில்லை. அதேபோல் சாவி ஆன் செய்ததும் செக் என்ஜின் லைட் எரிய வேண்டும். இந்தக் காரில் அது எரியாவிட்டால் ஈசியூவுக்கே கரண்ட் இல்லை என்று அர்த்தம், குறை முதல் ரிலேயிலோ அதற்கு முன்னாலோ இருக்கும். கருவி எதுவும் இல்லாமல், ஓட்டுபவரே கவனிக்கக்கூடிய இரண்டு அடையாளங்கள் இவை. டீச்சரிடம் சொன்னேன். அடுத்த தடவை ஆகாதபோது கவனித்து எழுதிக்கொண்டு வந்தார்: "லைட் எரிகிறது. சத்தம் இல்லை. பெட்ரோல் வாசனையும் இல்லை." கடைசி வார்த்தையை நான் கேட்கவே இல்லை, அவராகக் கவனித்தது. பெட்ரோல் வந்து ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால், நாலைந்து தடவை செல்ஃப் அடித்ததுமே சைலன்சர் பக்கம் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கும்.

பிடிபடும் வரை

கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஸ்கேனர் போட வழியில்லை, நம் நாட்டில் ஓபிடி, அதாவது ஸ்கேனரில் குறையைப் படிக்கும் பொது ஏற்பாடு, கட்டாயமாவதற்கு முந்தைய கார் இது. சர்வீஸ் கப்ளரை ஷார்ட் செய்து செக் என்ஜின் லைட் கண் சிமிட்டுவதை எண்ணித்தான் கோடு, அதாவது ஈசியூ பதிந்து வைத்த குறை எண், எடுக்க வேண்டும். கோடு ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான். பம்ப் ரிலேக்கு எர்த் கொடுப்பதோடு ஈசியூவின் வேலை முடிந்தது. பம்புக்குக் கரண்ட் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. கோடு இல்லை என்றால் குறை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பேட்டரி 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4க்குக் கீழே இறங்கவில்லை. 9.6க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். என்ஜின் எர்த் கேபிளில் டிராப், அதாவது வழியில் வோல்டேஜ் இழப்பு, இல்லை.

அடுத்து, நான்கு இடங்களில் கண் வைத்தேன். பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ். ஒரு பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டர். ஒரு இன்ஜெக்டர் கப்ளரில் நாய்டு லைட், அதாவது ஈசியூ இன்ஜெக்டரை இயக்குகிறதா என்று மின்னிக் காட்டும் சின்ன பல்பு. நாலாவது, பின்சீட்டுக்குக் கீழே பம்ப் கப்ளரிலிருந்து ஒரு வயர் எடுத்து டாஷ்போர்டு வரை இழுத்து ஒரு டெஸ்ட் லாம்ப். பம்புக்குக் கரண்ட் போனால் அது எரியும். இதோடு மெயின் ரிலே கப்ளரின் பின்பக்கம் வயர்களோடு ஒட்டி மூன்று மெல்லிய ஊசிகளைச் செருகி வைத்தேன்: ரிலேவுக்குள் வரும் கரண்ட், ஈசியூ எர்த் கொடுக்கும் வயர், பம்புக்குப் போகும் வயர். ரிலேவைத் தொடாமல், கப்ளரைக் கழற்றாமல் மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

கூட இருந்த பையனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லி வைத்தேன்: "கார் மறுத்தா எதையும் தட்டாதே தம்பி, ஆட்டாதே, கப்ளரைக் கழட்டி மாட்டாதே. மீட்டரை மட்டும் பாரு." நம் கை சும்மா இருக்காது. ஒரு ரிலேவைத் தட்டினால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் சேர்ந்தது ரிலேவா, கப்ளர் பின்னா, வயரா என்று தெரியாமலே போய்விடும். அப்புறம் அது மறுபடி மறுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காரைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்டோம். முதலில் கார் பிடிகொடுக்கவில்லை, மேகம் வந்து வந்து போனது, எப்போது திருப்பினாலும் ஸ்டார்ட். பொறுமை வேண்டிய இடம் இதுதான். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஏதாவது ஒன்றை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். டீச்சருக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னேன். "நான் பஸ்ல போய்க்கறேன், நீங்க அவசரப்படாம பாருங்க தம்பி" என்றார்.

சும்மா காத்திருக்காமல் அந்த இடைவேளையில் ஒன்றை அளந்தேன், அதுவே பாதி விடை சொல்லிவிட்டது. என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலேவுக்குள் வரும் வயருக்கும் பம்புக்குப் போகும் வயருக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். நல்ல ரிலேவில் இந்த டிராப் 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட் இருக்கும். இங்கே 0.4க்கும் 0.9க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. பம்ப் இழுக்கும் கரண்ட் 4.8 ஆம்பியர். 0.9 வோல்ட் என்றால் சுமார் 4 வாட் சூடு, அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு புள்ளியில். வெளியில் வெயில் சூடு, உள்ளே தானாக உண்டாக்கும் சூடு. முன்பு பார்த்தவர் ரிலேவைக் கழற்றி மீட்டரில் கன்டினியூட்டி பார்த்து நன்றாக இருக்கிறது என்று பில்லில் எழுதியிருந்தார். ஓம் மீட்டர் அனுப்பும் கரண்ட் மில்லிஆம்பியர் கணக்கு. ஒரு நூலிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். 5 ஆம்பியர் ஓடும்போதுதான் இணைப்பின் லட்சணம் தெரியும்.

ஆனாலும் ரிலேவை உடனே கழற்றவில்லை. டிராப் அதிகம் என்பது ஒரு குறை, ஸ்டார்ட் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

நல்ல வெயில் வந்த ஒரு பிற்பகல், டாஷ்போர்டுக்குக் கீழே தெர்மாமீட்டர் 57 காட்டியபோது கார் மறுத்தது. சாவி ஆன்: செக் என்ஜின் லைட் எரிந்து அணைந்தது, "உய்ங்" இல்லை. செல்ஃப் அடித்தோம்: ஸ்பார்க் டெஸ்டரில் நீல நிறத்தில் பலமான பொறி, நாய்டு லைட் ஒழுங்காக மின்னுகிறது, பிரஷர் கேஜ் பூஜ்யம், பம்ப் லாம்ப் இருட்டு. ஸ்பார்க்கும் இன்ஜெக்டர் துடிப்பும் இருப்பதால் சென்சார், ஈசியூ, காயில், இக்னைட்டர், முதல் ரிலே எல்லாம் ஒரே பார்வையில் விடுதலை.

சாவியை அணைத்து மறுபடி ஆன் செய்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரிலேவுக்குள் வருவது 12.2 வோல்ட், ஆகவே இக்னிஷன் சுவிட்சும் ஃபியூஸும் சரி. ஈசியூ வயர் 2 விநாடிக்கு 0.3 வோல்ட்டுக்கு இறங்கியது, ஈசியூ தன் வேலையைச் செய்கிறது. காதை அருகில் வைத்தால் ரிலே "க்ளிக்" என்று இழுப்பதும் கேட்கிறது. பம்புக்குப் போகும் வயரில் பூஜ்யம். வருவது 12, போவது 0, நடுவில் இருப்பது ரிலே ஒன்றுதான். இவ்வளவையும் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியை லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். செல்ஃப் அடித்ததும் லாம்ப் எரிந்தது, கேஜ் முள் 3 பாருக்கு ஏறியது, கார் ஸ்டார்ட்.

டீச்சர் குறிப்பேட்டில் அந்த ஒரே ஒரு "பிடித்து உடனே அணைந்தது" வரிக்கும் இப்போது அர்த்தம் தெரிகிறது. அன்று பள்ளியில் ஒரு மணி நேரமே கார் நின்றிருக்கிறது. பைப்பில் மிச்சமிருந்த பிரஷரில் பிடித்து, பம்ப் ஓடாததால் அணைந்திருக்கிறது. முழு நாள் நின்றால் அந்த மிச்சமும் இறங்கிப்போய் பிடிப்பதே இல்லை.

பெட்டிக்குள்

மூடியின் கொக்கிகளை விடுவித்து இழுத்தால் சர்க்யூட் போர்டோடு உள்பாகம் வெளியே வந்துவிடும். போர்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு சால்டரிங் புள்ளிகள். மற்றவை பளபளவென்று கூம்பு போல இருக்க, பம்புக்குப் போகும் தடித்த பின்னைச் சுற்றி மட்டும் மங்கலான சாம்பல் நிறத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு வட்டம். ஈயம் பின்னை விட்டு முழுச் சுற்றும் பிரிந்திருந்தது. பக்கத்துப் பின்னிலும் பாதி வட்டம் தொடங்கியிருந்தது. வெறும் கண்ணுக்கு இரண்டுமே ஒழுங்கான சால்டரிங் போலத்தான் தெரியும்.

ஏன் அந்தப் பின்? தாமிரம் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும், சால்டரிங் ஈயம் சுமார் 24 பங்கு, போர்டு அதன் தடிமன் வாக்கில் இவற்றைவிட அதிகம். ஒவ்வொரு பகலும் 60 டிகிரிக்கு ஏறி இரவில் 25க்கு இறங்கும்போது மூன்றும் மூன்று அளவில் விரிந்து சுருங்கும். இருபது வருடத்துக்கு மேல் தினமும். கரண்ட் அதிகம் போகும் பின் கூடுதலாகச் சூடாகும், கப்ளரின் இழுவையும் அதிர்வும் நேராக அதன்மேல். மென்மையான ஈயம் அங்கேதான் முதலில் களைத்து வெடிக்கும்.

மேஜையில் வைத்துக் குறையை மறுபடி வரவழைத்தேன். காயிலுக்கு 12 வோல்ட், பம்புக்குப் பதில் 55 வாட் ஹெட்லைட் பல்பு. அது சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய பம்ப் அளவு. பல்பு எரிந்துகொண்டிருக்க, தலைமுடி உலர்த்தும் ட்ரையரைப் பெட்டிப் பக்கம் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மங்கி, துடித்து, அணைந்தது. ரிலே இழுத்தபடியேதான் இருந்தது. ட்ரையரை எடுத்ததும் சற்றுப் பொறுத்து மறுபடி எரிந்தது.

சரிசெய்தது

புது ரிலே ஒரிஜினலாகக் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பழைய மார்க்கெட்டில் கழற்றிய ரிலே கிடைக்கும், ஆனால் அதுவும் இதே வயது, இதே வெயில் பார்த்த ஈயம். அதனால் இதையே மறு சால்டரிங் செய்வது என்று முடிவு செய்தேன். இதில் அவசரக்காரர்கள் செய்வது பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தை ஒரு சொட்டு வைப்பது. அது நிற்காது. பின்னின் மேல் படிந்த ஆக்சைடு அப்படியே உள்ளே இருக்கும். பின்னல் கம்பியால் பழைய ஈயம் முழுவதையும் உறிஞ்சி எடுத்து, பின்னைப் பளபளவென்று சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஃபிளக்ஸ் வைத்து, 60/40 ஈயத்தில் (வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு) புதிதாகச் செய்தேன். தடித்த பின் சூட்டை உறிஞ்சிவிடும், சின்ன முனை அயர்ன் போதாது. 350 டிகிரியில் அகல முனை வைத்துப் பின்னும் போர்டும் சேர்ந்து சூடான பிறகு ஈயத்தைக் காட்டினால் அது தானாக ஓடிப் படியும். வெடிப்பு தெரிந்த இரண்டோடு நிறுத்தாமல் எல்லாப் பின்களையும் செய்துவிட்டேன். ரிலே பாயிண்டுகளையும் பார்த்தேன், கருகல் இல்லை.

மறுபடி அதே மேஜை, அதே பல்பு, அதே ட்ரையர். அரை மணி நேரம் வெளிச்சம் அசையவில்லை. காரில் மாட்டியபின் டிராப் 0.08 வோல்ட், ஆடாமல் நின்றது. டிராப் குறைந்த அளவுக்குப் பம்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் ஏறியது. வெயிலில் நிறுத்தி, உள்ளே 57 தாண்டும் வரை விட்டு, மாலையில் திருப்பினால் முதல் அடியில் ஸ்டார்ட். இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் இதே சூட்டில்தான் கார் முன்பு மறுத்தது.

பம்ப் மாற்றியபோது பின்சீட்டுக்குக் கீழே கப்ளரில் ஒரு பின் சரியாக உட்காராமல் விடப்பட்டிருந்தது. அது லேசாகப் பழுப்பேறியிருந்தது, இந்தக் குறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டு வெயில் காலத்தில் அதுவே தனிக் குறையாக வளர்ந்திருக்கும். பின்னை மாற்றிவிட்டேன்.

இதைவிடப் புதிய கார்களில் மெயின் ரிலே இப்படித் தனிப் பெட்டியாக இருக்காது, ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே அச்சிட்ட போர்டில் சேர்ந்திருக்கும். கழற்றிப் பார்ப்பது கடினம், ஆனால் அளக்கும் முறை மாறாது: வரும் கரண்ட், இழுக்கச் சொல்லும் கட்டளை, போகும் கரண்ட், மூன்றையும் கார் மறுக்கும்போது பார்க்க வேண்டும். இம்மொபிலைசர் உள்ள காரில் டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். சாவியை அடையாளம் தெரியாவிட்டால் பல கார்கள் செல்ஃப் அடிக்க விட்டு இன்ஜெக்டரை மட்டும் நிறுத்திவிடும், வெளியில் இருந்து பார்த்தால் இதே புகார்தான்.

காரைக் கொடுக்கும்போது பம்ப் லைனிலிருந்து இழுத்த வயரைக் கழற்றவில்லை. ஃபியூஸ் ஒன்று சேர்த்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன பச்சை எல்இடியில் முடித்துவிட்டேன். "இனிமே எப்பவாவது ஆகலைன்னா, செல்ஃப் அடிக்கும்போது இந்த லைட் எரியுதான்னு மட்டும் பாருங்க டீச்சர். எரிஞ்சா பம்பு வரைக்கும் கரண்ட் வருது, குறை வேற எங்கயோ. எரியலன்னா நேரா என்கிட்ட வாங்க." கோடை முழுக்கக் குறிப்பேட்டில் புது வரி எதுவும் சேரவில்லை. அக்னி நட்சத்திரமும் கழிந்து, ஆகஸ்டில் ஆயில் மாற்ற வந்தபோது அந்த வயரையும் லைட்டையும் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார், அப்படியே விட்டுவிட்டேன்.